மஞ்சள் பிரதி

கட்டபெட்டில் மழை சாய்ந்து விழுகிறது.
இலைக் கொட்டகைக்கு மூட்டை வராத ஒரு மணி நேரம்.
வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று
மூன்று பிரதி ரசீதுப் புத்தகம்.
அதில் ஆறு கட்டம் போட்டேன்,
ஆறு பருவத்துக்கு.

கல்லூரி கொடுத்த பட்டியல் என்னிடம் உண்டு.
ரேஷன் கடையில் நிற்பதைப்போல
பாடங்கள் அதில் வரிசையாக நிற்கின்றன.
இவர் ஏன் முன்னால், அவர் ஏன் பின்னால்
என்று எவரும் சொல்வதில்லை.
எனக்குக் காரணம் வேண்டும்.
அவர்கள் அதன்படி நடத்தட்டும்,
நான் இதன்படி படிப்பேன்.

முதல் கட்டம் நுண்கணிதம். அதில் சண்டையில்லை.
பக்கத்திலேயே சின்ன எழுத்தில்:
நிரூபணம் எழுதப் பழகுவது.
இதற்குத் தாள் இல்லை, மதிப்பெண் இல்லை.
பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க
'எனவே' என்று எழுதித் தள்ளியிருக்கிறேன்,
எதனால் என்று ஒருமுறையும் கேட்காமல்.

இரண்டாவதில் தகராறு.
வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு ஏப்ரலில் தேர்வு.
ஏப்ரலில் கொழுந்து பொங்கும்.
தராசு முள் நடுங்கி நிற்பதற்குள்
அடுத்த மூட்டை தொங்கும்.
அணிகளும் வெக்டர் வெளியும் முதலில் வரட்டும்,
இல்லாவிட்டால் முதுகெலும்பில்லாமல் மனப்பாடம்தான்
என்கிறாள் நித்யகலா,
இரண்டு வருடம் முன்னே ஊட்டிக்குப் போனவள்.
ஆக, ஜனவரி.
உறைபனி இலையைக் கருக்கும் மாதம்.
தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு வயிறு எரியும்,
எனக்குக் காலை பத்து வரை வேலையிருக்காது.
அவர்கள் நட்டத்தில் என் நேரியல் இயற்கணிதம்.
எழுதிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.
அடிக்கவில்லை.

மூன்று, மெய்ப்பகுப்பாய்வு.
அழுத்தி, பெரிதாக.
நித்யகலாவுக்கு இதில் ஒரு அரியர்.
"எவ்வளவு சின்ன இடைவெளி கேட்டாலும்
அதற்குள் நின்று காட்டணும்டி,
அதுதான் எல்லை" என்றாள் போனில்.
போஜராஜ் அண்ணன் மூட்டைக்கு மூட்டை
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிக்கிறார்,
மழையிலும் இரண்டு, வெயிலிலும் இரண்டு.
அவரிடம் போய் எப்சிலான் கேட்டால்
வேலை போய்விடும்.

நான்கு, குலம்.
விண்ணப்பத்தில் இதை வேறு பெயரில் கேட்டார்கள்,
சான்றிதழ் எண்ணோடு.
இங்கே நான்கே விதி.
எந்த இருவர் சேர்ந்தாலும்
விளைவு உள்ளேயே இருக்க வேண்டும், அது அடைவு.
அதை ஊரிலும் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.
ஆனால் ஒவ்வொருவருக்கும் ஓர் எதிர்மறை உண்டு,
இருவரும் சேர்ந்தால் சமனியாகிவிடலாம்
என்றும் இருக்கிறது.
அந்த விதியை ஊரில் யாரும் எழுதிவைக்கவில்லை.

ஐந்தில் ஒரு விருப்பப் பாடம்.
புள்ளியியல் என்றால் வேலை, என்கிறது வீடு.
எண் கோட்பாடு என்றால்? என்கிறது வீடு.
எண் கோட்பாடு என்று எழுதி
புள்ளியியலுக்கு ஒரு அம்புக்குறி போட்டேன்.
பிறகு அங்கிருந்து திரும்பி ஒரு அம்புக்குறி.

ஆறாவதைத் தொடுவதற்குள்
லிங்கியக்கா நனைந்த மூட்டையோடு வந்துவிட்டாள்.
வெள்ளைத் தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்தேன்.
நாற்பத்தொன்று. கழிவு இரண்டு.
அவள் கணக்கு கேட்கவில்லை,
தலைத்துண்டைப் பிழிந்துகொண்டு நின்றாள்.

மறுநாள் ஃபேக்டரியிலிருந்து போன்.
கணக்கர் சேவியர். சிரிக்காத மனிதர்.
"மஞ்சள் பிரதியில் புதுசா ஒரு ஆள் இருக்கு.
மெய்ப்பகுப்பாய்வு.
கிலோ போடலை. எந்த ஊரு?"

கொட்டகைக்கு வெளியே பார்த்தேன்.
மூடுபனியில் சாலை பத்தடிதான் இருந்தது.

அடுத்த வருஷம் ஜூனிலிருந்து வருவாங்க சார்,
என்றேன்.

குறித்துக்கொண்டார்.